பிரிவோம் என்ற சொல்

தொகுதி மறுவரையறை பற்றிய பேச்சு எழுந்த நாள்முதல், இளைஞர் கூடுமிடமெல்லாம் ஒரு கேள்வி எழக் காண்கிறோம். "பாராளுமன்றத்தில் நம் இடங்கள் குறையப் போகின்றன. தீர்மானம் போட்டோம், மனுக் கொடுத்தோம், டில்லி அசையவில்லை. ஒரே ஒரு முறை, பிரிந்து போவோம் என்று சொல்லிப் பார்த்தால் என்ன? உண்மையில் பிரிய வேண்டியதில்லை, சொன்னால் போதும். தேர்தல் முறையைத் திருத்தி எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள்!" என்கின்றனர். எளாவூர்ப் பக்கத்துத் தோழர்களும் இதையே கேட்கின்றனர். கேட்பவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நாமும் மழுப்பிவிட்டு நழுவுதல் ஆகாது.

பிரிவினை சரியா, தவறா என்பதன்று இங்கே எழுந்துள்ள வினா. அது தனி வினா. அதனைத் தனியே ஆராயலாம். ஒரு மாநிலம், தான் நாடாத ஒன்றைக் கைத்தடிபோல ஓங்கிக் காட்டி, தான் நாடும் வேறொன்றைப் பெறலாமா? பெறுவது முறையாகுமா? பெற்றாலும் நிலைக்குமா? இதுவே வினா.

குறை கற்பனைக் குறையன்று என்பதை முதலில் சொல்லிவிடுவோம். 1962 பொதுத் தேர்தலில் சென்னை மாநிலம் மக்களவைக்கு 41 பேரை அனுப்பிற்று. 1967 தேர்தலில் அனுப்பியது 39 பேரை. இரண்டு இடங்கள் எங்கே போயின? 1961 கணக்கெடுப்பில் நாம் மற்றவரைவிடக் குறைவாகப் பெருகியிருந்தோம். அதற்குக் கிடைத்த பரிசு அது! 1976இல் வந்த 42ஆவது திருத்தம், 1971 கணக்கின்படி அமைந்த எண்ணிக்கையை அப்படியே நிறுத்தி வைத்தது. 2001இல் 84ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரையில் நீட்டிற்று. அந்தக் கணக்கெடுப்புக்கு 1-3-2027 என்று நாள் குறித்து 2025 ஜூனில் அறிவிப்பும் வெளியாயிற்று. குழந்தை குறைவாகப் பெறுக என்று அரசு சொன்னது, தமிழ்நாடு கேட்டது. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே பெண்ணொருத்திக்குச் சராசரி 1.8 குழந்தை, பீகாரில் 3. இன்றுள்ள 543 இடங்களை 2011 கணக்கின்படி பங்கிட்டால் நமக்கு 32 அளவில்தான் வரும். சொன்னதைக் கேட்டவனுக்குத் தண்டனை என்றால், எவனுக்குத்தான் கோபம் வராது? 2021இல் சென்னை உயர்நீதிமன்றமே, அந்த இரண்டு இடங்களின் இழப்புக்கு ஈடு தரலாகாதா என்று கேட்டது.

ஆனால் பகுத்தறிவாளர் என்று பெயர் பூண்ட நாம் கணக்கின் மறுபக்கத்தை மறைக்கலாகாது. அதே 2011 கணக்கில், நம் மக்களவை உறுப்பினர் ஒருவர் 18½ இலட்சம் பேருக்காகப் பேசுகிறார். பீகாரின் உறுப்பினர் ஒருவர் 26 இலட்சம் பேருக்காகப் பேசுகிறார். பாட்னாவுக்கு அருகே ஏர் பிடிக்கும் உழவன், "என் ஓட்டுக்கு மட்டும் ஏன் எடை குறைவு?" என்று கேட்டால், ஆதிக்கக்காரன் என்று அவனை ஏசிவிட்டு அப்பால் போக முடியாது. அவனுக்கு விடை வேண்டும். ஆளுக்கு ஓர் ஓட்டு, ஓட்டுக்கு ஒரே மதிப்பு என்பது ஒரு நியாயம். கூடி வாழும் மாநிலங்களில் எதுவும் தலை எண்ணிக்கையால் நசுக்கப்படலாகாது என்பது மற்றொரு நியாயம். இரண்டும் மோதுமிடத்தில் வாதம்தான் வழி காட்டும். மிரட்டலோ வாதத்தின் வாயை அடைத்துவிட்டு, எவன் உரக்கக் கூவுகிறான் என்பதைத் தீர்ப்பாக்கிவிடும்.

எளாவூர் இருக்குமிடத்தை எண்ணிப் பார்த்தால் இந்தச் சொல்லின் விலை விளங்கும். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் 1 என்ற எண் கும்மிடிப்பூண்டிக்கு உரியது. அதன் வடக்கே, கூடூர் இருப்புப் பாதையில், எளாவூர், அடுத்து ஆரம்பாக்கம், அதற்கடுத்த தடா ஆந்திரத்தது. கல்கத்தாச் சாலையில் வரும் லாரியோட்டிகள் அனைவரும் எளாவூர்ச் சோதனைச் சாவடியை அறிவர். இங்கே வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுவோர் உண்டு. எல்லைக்கு அப்பால் கொண்டு கொடுத்தோர் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பாலைகளில் வெந்து வேலை செய்வோரில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். (வேடிக்கை என்னவென்றால், கணக்கெடுப்பாளர் வரும்போது இங்கே குடியிருக்கும் அந்த பீகார்த் தொழிலாளி தமிழ்நாட்டுக் கணக்கில்தான் சேருவான். நம் எண்ணிக்கையைக் கூட்டுபவனே அவன்!) சென்னையில் மேடையேறி, பிரிவோம் என்று முழங்குபவர் அன்றிரவு வீடு சென்று உறங்குவார். மறுநாள், நீ எந்த நாட்டான் என்ற பார்வை விழுவது சாவடியில் நிற்கும் லாரியோட்டியின்மேல், உலைக்களத்துக் கூலியின்மேல், பெங்களூரிலும் பம்பாயிலும் பிழைக்கும் தமிழன்மேல். மிரட்டுகிறவன் வேறு, விலை கொடுக்கிறவன் வேறு. மிரட்டலை நாம் வெறுப்பதற்கு இது முதற் காரணம்.

இதே எல்லையைப் பற்றி ஒரு காலத்தில் பெரும் சச்சரவு நிகழ்ந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபின், எந்த ஊர் எவருக்கு என்று கிளர்ச்சி நடந்தது. சிறை சென்றோர் உண்டு. படாஸ்கர் நடுவராக வந்து, ஊரை அலகாகக் கொண்டு, பேசும் மொழியைப் பார்த்து, வழி வகுத்தார். 1-4-1960 முதல் திருத்தணி நம் பக்கம் வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின. இருபுறமும் மனக்குறை இருந்தது. ஆனால் இந்தக் கோட்டைத் தள்ளிப் போடுவதற்காக, இந்தியாவை விட்டே போவோம் என்று எவரும் அச்சுறுத்த நேரவில்லை.

மிரட்டலின் உள்ளமைப்பைப் பார்ப்போம். பிரிவோம் என்பவன் அதனை மெய்யாகக் கருதுகிறானா, இல்லையா? மெய்யாகக் கருதுகிறான் என்றால் அது அவன் குறிக்கோள். ஏழு இடங்களுக்கு அதை விற்க வருவானா? குறிக்கோளுக்குச் சந்தை விலை உண்டா? மெய்யாகக் கருதவில்லை என்றால் அது பொய். அந்தப் பொய்யை டில்லி நம்பாமல் போகலாம், நம்புகிறவன் யார்? நம் ஊர் இளைஞன்! அவன் மேடைப் பேச்சை வேதமாகக் கொண்டு, வேலையை விட்டு, வழக்கில் சிக்கி, சிறைக் கதவைத் தட்டிய பிறகு, "தம்பி, அது பேரத்துக்காகச் சொன்னது" என்று சொல்ல எவருக்கு நாக்கு எழும்?

இந்த இயக்கத்தின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அறிஞர் அண்ணா 1-5-1962இல் மாநிலங்களவையில் முதன்முதலாகப் பேசியபோது திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை கேட்டார், மறைத்துக் கேட்கவில்லை. ஆண்டு முடியுமுன் சீனப் படையெடுப்பு வந்தது; கோரிக்கையை ஒத்தி வைத்தார். 1963இல் 16ஆவது திருத்தம் வந்தது. சட்டமன்றத்துக்கோ பாராளுமன்றத்துக்கோ நிற்பவர், நாட்டின் இறைமையையும் ஒருமையையும் காப்பேன் என்று உறுதி கூறியாக வேண்டும் என்றது. அந்த மசோதாவை அவையிலேயே எதிர்த்து வாதாடினார் அண்ணா. நிறைவேறிய பின், அவ்வாண்டு நவம்பரில் கழகம் தன் சட்டதிட்டத்தினின்று பிரிவினைக் குறிக்கோளை எடுத்துவிட்டது. பிரிவினைக்கான காரணங்கள் மறைந்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. அந்தச் சொல்லைப் பெட்டியில் பூட்டி வைத்து, வேண்டும்போது எடுத்து டில்லிக்குக் காட்டலாம் என்றும் சொல்லவில்லை. கொள்கையாக இருந்தவரை கொள்கை, கைவிட்டபின் கைவிட்டதுதான். இன்று உறுதிமொழி கூறி உறுப்பினராகும் ஒருவர், மறுமாதம் பிரிவோம் என்று அச்சுறுத்தினால், இரண்டிடத்தில் ஓரிடத்தில் பொய் சொன்னவராகிறார்.

2022 ஜூலையில் நாமக்கல் மாநாட்டில் ஆ. இராசா மாநில சுயாட்சியை வற்புறுத்திப் பேசுகையில், தனிநாடு கேட்கும் நிலைக்கு எம்மைத் தள்ளிவிடாதீர் என்னும் பொருள்படச் சொன்னார். அச்சொல்லில் ஆற்றாமை தொனித்தது என்பதை நாம் அறிவோம். விளைவு என்ன? சில நாள்களில், தமிழ்நாட்டையே இரண்டாகப் பிரிக்க முடியும் என்று பாரதிய சனதாவின் நயினார் நாகேந்திரன் பதில் கூறினார். மிரட்டலுக்கு மறுமிரட்டல்! இடையில் சுயாட்சி பற்றிய வாதம் எங்கே போயிற்று? அதைக் கேட்பாரில்லை.

"மிரட்டலால் காரியம் நடந்ததே இல்லையா?" என்று தோழர்கள் மடக்குவர். நடந்திருக்கிறது. தேர்தல் முறையைப் பற்றி இந்த நாட்டில் நடந்த மிகப் பெரிய மிரட்டலை நடத்தியவர் காந்தியார். தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி என்று பிரிட்டிஷ் அரசு தீர்ப்பளித்தது. 20-9-1932 அன்று எரவாடா சிறையில் சாகும் வரை உண்ணாநோன்பு தொடங்கினார். நாடெங்கும் ஒருவர்மீதே கண்கள் திரும்பின; அம்பேத்கர்மீது. காந்தியார் இறந்தால், அந்தப் பழியோடு சேரிகள்மீது பாயப்போகும் சினத்தையும் எண்ணி, அவர் 24ஆம் நாள் கையெழுத்திட்டார். இடங்கள் 148 ஆயின, எண்ணிக்கையில் இலாபந்தான். ஆனால் அந்த இடங்களில் எவர் வெல்வது என்பதைத் தீர்மானிக்கும் ஓட்டு பெரும்பான்மைச் சாதியாரிடம் போயிற்று. 1945இல் அம்பேத்கர் எழுதிய நூலைப் படிப்போர், அந்தக் கையெழுத்து அவர் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருந்ததைக் காண்பர். எளாவூர் அடங்கிய திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதி இன்றும் தனித்தொகுதி. புனாவில் பிறந்த ஏற்பாட்டின் வழியில் வந்தது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும், அந்த ஒப்பந்தம் நீதியா, நிர்ப்பந்தமா என்று வாதிடுகிறோம். வலிந்து வாங்கிய கையெழுத்துக்கு இதுதான் கதி. உயிரைப் பணயம் வைத்த காந்தியாரின் மிரட்டலைக் குறை கூறும் நாம், நாட்டைப் பணயம் வைக்கும் மிரட்டலை மட்டும் வீரம் என்று போற்றலாமோ?

கடல் கடந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நம் நிலைக்கு மிக அருகில் வருவது. அமெரிக்க அரசியல் சட்டம், ஓட்டில்லாத அடிமைகளில் ஐவரை மூவராகக் கணக்கிட்டு, அந்தக் கணக்கில் தென்மாநிலங்களுக்குப் பிரதிநிதிகளைக் கூட்டித் தந்தது. வடகிழக்கு மாநிலத்தார் வெகுண்டனர். அடிமையின்மீது கொண்ட இரக்கத்தைவிட இடங்களின்மீது கொண்ட ஏக்கமே பெரிது எனினும், குறை உண்மையானது. 1814 டிசம்பரில் ஹார்ட்போர்டு நகரில் கூடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினர். அந்தக் கணக்கை ஒழிக்கும் திருத்தம் கேட்டனர். இங்கிலாந்துடன் போர் நடந்துகொண்டிருந்த காலம். பிரிந்து போகும் பேச்சு சிலர் வாயில் இருந்தது. தீர்மானத்தில் அது இல்லை, ஆனால் நிழல் விழுந்தது. தூதுவர் வாஷிங்டன் சேர்ந்தபோது, போர் முடிந்த செய்தியும் வெற்றிச் செய்தியும் வந்துவிட்டன. ஊர் சிரித்தது. கேட்டது நியாயமா என்று ஒருவரும் பார்க்கவில்லை. துரோகி என்ற பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1820இல் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு ஆள் நிறுத்தவும் வலுவின்றிப் போயிற்று அவர்கள் கட்சி. அந்த அநீதிக் கணக்கு ஒழிந்தது 1868இல். அதற்குமுன் உள்நாட்டுப் போரே நடந்து தீர வேண்டியதாயிற்று.

ஈழத்தை எடுத்துக் காட்டுவோர் உண்டு. அங்கே நடந்ததை மிரட்டல் என்பது அறியாமை. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோயிற்று. 1956இல் சிங்களம் மட்டும் என்றனர். 1957இல் செல்வநாயகத்தோடு பண்டாரநாயகா செய்த ஒப்பந்தத்தை அடுத்த ஆண்டே கிழித்தெறிந்தனர். கேட்டுக் கேட்டுக் களைத்த பிறகு 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் வந்தது. பேரத்துக்காக எடுத்த சொல்லன்று. கதவெல்லாம் அடைபட்டவனின் முடிவு. 1983இல் கொழும்பு அரசு 6ஆவது திருத்தத்தால் அவர்களைப் பாராளுமன்றத்தினின்றே வெளியேற்றி, எஞ்சிய கதவையும் சாத்தியது. அத்தகைய முடிவுக்கு ஒரு மக்களைத் தள்ளுகிற அரசே குற்றவாளி. நாம் அந்த நிலையில் இல்லை. இருப்பதாக நடிப்பது ஈழத்தமிழரின் துன்பத்தைக் கொச்சைப்படுத்துவதாகும்.

மிரட்டாமல் இருப்பது பணிந்து கிடப்பதாகிவிடுமா? 1965ஐ நினைவூட்டுவோம். பிரிவினையைக் கைவிட்ட பிறகு நடந்த போராட்டம் அது. மாணவர் எழுந்தனர், தீக்குளித்தோர் உண்டு, குண்டடி பட்டு மாண்டோர் உண்டு. சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியைத் துறக்க முன்வந்தனர். 1967இல் ஆட்சி மாறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் ஆங்கிலம் நீடிக்கப் பாராளுமன்றம் சட்டம் செய்தது. வற்புறுத்தல் வேறு, மிரட்டல் வேறு. வற்புறுத்துபவன் தன்னிடம் உள்ள ஓட்டையும் உழைப்பையும் உடலையும் முன்வைக்கிறான். மிரட்டுபவன் தன்னிடம் இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டுகிறான்.

22-3-2025இல் சென்னையில் கூடிய கூட்டு நடவடிக்கைக் குழுவுக்குக் கேரள, தெலங்கானா, பஞ்சாப் முதலமைச்சர்களும், கர்நாடகத்தின் துணை முதலமைச்சரும் வந்தனர். இன்னும் 25 ஆண்டுக்கு எண்ணிக்கையை நிறுத்தி வைக்கக் கேட்டனர். அந்த மேடையில் ஒருவர் பிரிவோம் என்று வாய்விட்டிருந்தால், பஞ்சாபிலிருந்து வந்தவர் நாற்காலியில் அமர்ந்திருப்பாரா? அந்தச் சொல்லால் சிந்திய குருதியைக் கண்ட மண்ணிலிருந்து வந்தவர் அவர்!

நிறுத்தி வைப்பது மட்டும் தீர்வாகாது. பீகார் உழவனின் கேள்வி 25 ஆண்டு கழித்தும் அப்படியே நிற்கும். நாம் கேட்க வேண்டியது மாநிலங்களவையைப் பற்றி. பெயர் மாநிலங்களவை, பங்கீடோ அங்கும் தலை எண்ணித்தான். உத்தரப் பிரதேசத்துக்கு 31, நமக்கு 18, சிக்கிமுக்கு 1. அமெரிக்கச் செனட்டிலோ பெரிய மாநிலத்துக்கும் 2, சிறியதற்கும் 2. மக்களவையில் உழவனின் ஓட்டுக்குரிய எடையைத் தருவோம். மாநிலங்களவையில் எல்லா மாநிலத்துக்கும் சம இடம் தருக. மாநில உரிமையைத் தொடும் எந்தச் சட்டமும் அந்த அவையின் இசைவின்றிச் செல்லாது என்று எழுதுக. இந்தப் பண்டமாற்றை பாட்னாவிலும் இலக்னோவிலும் பேசலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதற்கு அரசியல் சட்டத்தின் 368ஆவது விதிப்படி, இரு அவையிலும் வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கு வேண்டும். பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஒப்ப வேண்டும். 28 மாநிலங்களில் 14. சம இடத்தால் பயனடைவோரை எண்ணிப் பாருங்கள்: தலைக்கு ஓரிடமே பெற்றுள்ள சிக்கிம், கோவா, மிசோரம், நாகாலாந்து, மூன்றிடம் பெற்றுள்ள இமாசலம், இன்னும் பல. இவர்களில் எவரிடமும் இதுவரை நாம் இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போனதில்லை. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் வேலை செய்யும் பீகார்த் தோழர்களிடமிருந்தே பேச்சைத் தொடங்கலாம்; அவர்கள் ஊருக்குப் போகும்போது இந்தச் செய்தியும் உடன் போகட்டும்.