ஐயராகப் போகிறாயா?

ஞாயிறு பள்ளியில் 'பெரியவனாகி என்ன ஆவே?' என்று கேட்டால் போலீஸ், நர்ஸ், ஃபுட்பால் பிளேயர் என்று பதில் வரும். பந்து உதைக்காத சந்து எங்கள் வியாசர்பாடியில் கிடையாது, ஆகவே கடைசிப் பதிலில் வியப்பில்லை. எப்போதாவது ஒரு பிள்ளை 'ஐயர் ஆவேன்', அதாவது சபைப் போதகர் ஆவேன், என்று சொல்லும். மற்றவர்கள் சிரிப்பார்கள். 'சும்மா சொன்னேண்ணா' என்று அது உட்கார்ந்துவிடும். அந்தச் 'சும்மா'வை அப்படியே விட்டுவிடலாமா?

*

தமிழ் லுத்தரன் சபைக்குப் போதகர்களைப் பெற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம். 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, உள்ளூர் வாத்தியாரிடம் படித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பிரசங்கம் அதற்குப் பிறகுதான். 1716-ல் உள்ளூர் இளைஞர்களை ஆசிரியர்களாகவும் உபதேசியார்களாகவும் உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. கடலூர் ஆரோன் மிஷன் பள்ளியின் வழியாகத்தான் வேதத்தை அறிந்தார். உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர், 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் புரொட்டஸ்டண்டு இந்தியப் போதகர் அவர்தான்.

லுத்தரும் இதையே வேறு விதமாகச் சொன்னவர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது பற்றி 1530-ல் அவர் எழுதிய நூலில், பிரசங்க வேலையை விட நேர்ந்தால் தமக்குப் பிடித்த வேலை பள்ளி ஆசிரியர் வேலைதான் என்கிறார். முதலில் பிரசங்கபீடம், அடுத்து கரும்பலகை. அந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

*

ஆலயத்தில் சிறுவன் சாமுவேல் படுத்திருந்த அந்த இரவை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். குரல் கேட்டதும் ஆசாரியர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எழுந்து ஓடுகிறான். ஏலி இரண்டு தடவை 'நான் கூப்பிடவில்லை, போய்ப் படு' என்கிறார். கண் மங்கிய கிழவர், சொந்தப் பிள்ளைகளையே நெறிப்படுத்த முடியாதவர். மூன்றாம் தடவைதான் அவருக்குப் புரிகிறது. அப்போதும் 'இது அழைப்பு, எழுந்து வா' என்று அவர் முடிவுகட்டவில்லை. எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொடுத்து, பையனைத் திரும்ப அனுப்பிவைக்கிறார். ஆசிரியரின் பங்கு அவ்வளவுதான். பிள்ளையின் இடத்தில் தான் போய்ப் படுத்துக்கொண்டு பதில் சொல்லுகிற ஆர்வம் நமக்கு நிறைய இருக்கிறது.

பொழுது விடிந்ததும் சாமுவேல் கொண்டுவந்த செய்தி ஏலியின் வீட்டுக்கே எதிரானது. 'ஒன்றையும் மறைக்காதே' என்று கேட்டு வாங்கி, அந்தக் கிழவர் அதை ஏற்றுக்கொண்டார். நம்மில் எத்தனை பேரால் அது முடியும்?

*

ஊழியத்தைப் பற்றி யாரிடம் பேச வேண்டும்? கணக்கில் தோற்றவனிடம் 'உனக்கு ஊழியம்தான் சரி' என்பது ஊழியத்துக்கும் அவனுக்கும் சேர்த்துச் செய்கிற அவமானம். வேத வசனப் போட்டியில் கப் வாங்குகிறவனை மட்டும் பார்ப்பதும் சோம்பல்தான். சாவு வீட்டில் என்ன பேசுவது என்று பெரியவர்கள் திணறும்போது, பேசாமல் போய்ப் பாட்டியின் பக்கத்தில் உட்காருகிற ஒரு பெண் இருப்பாள். திடப்படுத்தல் வகுப்பில் ஞானோபதேசத்தை ஒப்பிக்காமல், 'தினமும் அப்பம் தாரும்னு கேக்குறோமே, எதிர்வீட்ல ஏன் இல்ல?' என்று கேட்கிறவன் இருப்பான். நான் முதலில் இவர்களிடம்தான் பேசுவேன். அந்தப் பேச்சும் வகுப்பு முடிந்து பாய் சுருட்டும்போது, தனியாக. 'உனக்கு இது வருது. யோசிச்சியா?' அவ்வளவு போதும்.

எண்ணூரில் ஃபிட்டராகப் போகிறவனுக்கும் அழைப்பு உண்டு என்பது லுத்தரின் அடிப்படைப் போதனை. அதை மறந்த ஆசிரியர் ஊழியத்தைப் பதவி உயர்வாக்கிவிடுவார்.

*

ஆரோனின் கதையைச் சொல்கிறவர்கள் ராஜநாயக்கன் கதையையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் படைவீரர், பிறப்பால் பறையர், கத்தோலிக்கக் குடும்பம். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷப் புத்தகத்தைப் படித்து லுத்தரன் பக்கம் வந்தவர். 1771-ல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உபதேசியாராக உழைத்தார். அடி, மிரட்டல் எல்லாம் பட்டார். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கவில்லை. அவர் கையால் வேளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற பயம். 1741-ல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. மிஷனரிமார் ராஜநாயக்கனின் வரத்தை அறியாதவர்கள் அல்ல, அவரைப் புகழ்ந்து எழுதியவர்கள்தான். வரத்தைப் பார்க்கிற கண் அவர்களுக்கு இருந்தது. அதற்காக நிற்கிற துணிவு இல்லாமல் போனது.

வியாசர்பாடிப் பிள்ளையிடம் இந்தக் கதையை மூடி மறைத்து 'வா' என்று அழைப்பது ஏமாற்று. சொல்லிவிட்டால் போக மாட்டானே என்பார்கள். சொன்னதால்தான் போகிறவனும் இருப்பான்.

*

அம்மாக்களின் கேள்வி வேறு. பின்னி மில் 1996-ல் மூடியதைப் பார்த்த குடும்பங்கள் இவை. மாதச் சம்பளம் என்பது இங்கே விளையாட்டுப் பேச்சு இல்லை. 'சம்பளம் என்னா வரும் சார்? வீடு குடுப்பாங்களா? மாத்திக்கினே இருப்பாங்களாமே?' என்று கேட்பார்கள். விசுவாசக் குறைவு என்று இதற்குப் பதில் சொல்லக் கூடாது. தெரிந்த ஒரு போதகரையும் அவர் மனைவியையும் வீட்டுக்கு அழைத்துவந்து, கஷ்டத்தையும் சேர்த்துப் பேசவிடலாம்.

குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி கீழ்ப்பாக்கத்தில்தான், புரசைவாக்கம் ஹைரோட்டில் இருக்கிறது. பஸ்ஸில் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போய், கிரேக்க இலக்கணத்தோடு மல்லுக்கட்டும் மாணவர்களைக் காட்ட வேண்டும். ஊழியம் படிப்பும்தான், உணர்ச்சி மட்டும் இல்லை என்பது அங்கே தெரியும். பெண்பிள்ளைகளையும் கூட்டிப்போக வேண்டும். 'ஐயரம்மா' என்றால் ஐயரின் மனைவி என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு விண்ணப்பம் வரும், சபைக் கமிட்டியின் பரிந்துரை கேட்பார்கள். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்ற பேச்சு அங்கேதான் எழும். ஆசிரியர் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற நாள் அது அல்ல. அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டும், பேச வேண்டும். தோற்றால் அடுத்த ஆண்டும் அதே பெயரோடு போக வேண்டும்.