ஒரே மருந்து

எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் நியாயம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். மனநோய் வைத்தியத்தில் அந்த நியாயம் செல்லுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பிரெஞ்சு தேசத்துக்குப் பிழைக்க வந்த வட ஆப்பிரிக்கத் தொழிலாளிகள் டாக்டரிடம் போய், உடம்பெல்லாம் வலி என்பார்கள். சோதித்தால் ஒரு நோயும் தென்படாது. பாசாங்கு என்று தள்ளிவிடுவார்கள். ஊரையும் உறவையும் விட்டு, ஏளனத்துக்கு நடுவே வாழ்கிறவனுக்கு வலி ஓர் இடத்திலா இருக்கும்? இதை 1952-இல் எழுதிக் கேட்டவர் ஃபிரான்ட்ஸ் ஃபனோன். மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பர். லியோன் நகரில் வைத்தியம் படித்தவர்.

மறுவருஷம் அவர் அல்ஜீரியாவில் பிளிடா மனநோய் மருத்துவமனைக்கு வேலைக்குப் போனார். அவர் பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தார்கள். இரு சாராருக்கும் கூட்டம், கைவேலை, கொண்டாட்டம் என்று ஒரே விதமான சிகிச்சையை ஏற்படுத்தினார். பெண்கள் தேறினார்கள். ஆண்களோ வாய் திறக்கவில்லை.

அவர்கள் மூளையே மட்டம் என்று அல்ஜியர்ஸ் மனநோய் நிபுணர்கள் சாஸ்திரம் பேசிவந்த காலம் அது. ஃபனோன் அப்படி நினைக்கவில்லை. கோளாறு நம் சிகிச்சையில்தான் என்று கண்டார். மருத்துவமனைக்குள்ளேயே அவர்கள் ஊர் வழக்கப்படி ஒரு காப்பிக் கடை திறந்தார். அவர்களுடைய பண்டிகைகளைக் கொண்டாடச் செய்தார். ஊர் ஊராய்ப் போய்க் கதை சொல்கிறவரை வரவழைத்தார். பிறகுதான் அந்த ஆண்கள் ஒருவரோடொருவர் கலந்து பழகத் தொடங்கினார்கள்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம் இருக்கத்தானே செய்யும்! ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. 'நீ வேறு ஜாதி மனிதன்' என்று இழிவுபடுத்துவது ஒரு கொடுமை. 'நீயும் என்னைப் போலத்தான்' என்று சொல்லி, அவன் வாழ்க்கையை விசாரிக்காமலே மருந்து கொடுப்பது இன்னொரு கொடுமை. பின்னது பார்வைக்கு நல்ல குணமாகத் தெரிவதால், அதன் மேல் நமக்குக் கோபமே வருவதில்லை.

அப்படியானால் அவரவர் இனத்து டாக்டர்தான் அவரவருக்கு வைத்தியம் பார்க்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கட்சி. நோயாளிகள் பேசிய அரபு மொழி ஃபனோனுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டுதான் பேசினார். அவரும் அந்த ஊருக்கு அந்நியர்தான். ஆனால் படித்த படிப்பு பலிக்காதபோது, எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியிடமிருந்து கற்றுக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. வைத்தியனுக்கு அந்தப் பணிவு இருந்தால், அவன் எந்த தேசத்தவனாக இருந்தால் என்ன?