பூனைப்பிடி

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில் நாங்கள் நாலு பேர், மருந்துக்கடைத் தெர்மாகோல் பெட்டிகளில் ஓட்டை போட்டு, வைக்கோல் பரப்பித் தெருப்பூனைகளுக்கு வைத்தோம். (துணி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்; வைக்கோல்தான் சரி.) ஒரு தாய்ப்பூனை மறுநாளே குட்டிகளைக் கவ்விக்கொண்டு, பூட்டிய கடையொன்றின் படிக்கடியில் போய்ச் சேர்ந்தது. "இவ்ளோ செஞ்சும் பாத்தீங்களா சார்!" என்றார் நண்பர். எனக்கும் கோபம்தான்.

பிள்ளை லோகாசாரியர் வாழ்ந்த ஊர் இது. சரணாகதிக்கு வடகலையார் குரங்குக்குட்டியைச் சொல்வார்கள். அது தாயை இறுகப் பற்றவேண்டும். தென்கலையார் சொல்வது பூனைக்குட்டி; தாயே கவ்வித் தூக்கும், குட்டியிடம் எதையும் எதிர்பார்க்காது. நாங்கள் தாய்ப்பூனை வேஷம் போட்டுக்கொண்டு குரங்குப்பிடியை எதிர்பார்த்திருக்கிறோம். இல்லாவிட்டால் கோபம் எதற்கு?

பெட்டிகளை எடுக்கவில்லை. நேற்று ஒன்றில் காதறுந்த கடுவன் படுத்திருந்தது. கிட்டப் போனேன், சீறியது.