ஒருவருக்காக இருவரா?

2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ், சஞ்சு சாம்சனுக்காக ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்தது. புக்கிட் ரோத்தான் சாப்பாட்டுக்கடையில் ஒரே சண்டை. 2023 இறுதியாட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவராச்சே! ஜடேஜாவுக்கு 36 வயசு, டோனிக்குப் பிறகு கீப்பர் வேணுமே என்றேன். கணக்கு சரிதான்.

ஆனா ராத்திரி தூக்கம் வரலை. எங்கள் தோட்டக் காற்பந்துக் குழுவுக்கு நான்தான் பொருளாளர். போன வருஷம் சின்னப் பையன்களின் பூட்ஸ் காசில் வெளியூர் ஆட்டக்காரர் ஒருத்தரைக் கூட்டி வந்தோம். நானும் கை தூக்கினேன். அரையிறுதியில் தோற்றோம். ஜெயிச்சிருந்தாலும் தப்புதான், தம்பிகளே. ஐபிஎல்லில்கூட வீரர் சம்மதிக்காமல் மாற்ற முடியாது. பத்து வயசுப் பையன்களை யார் கேட்டது?

மூணு பேர் இப்போ பயிற்சிக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவங்க வீட்டுக்குப் போறேன்.