இரவின் உரிமை

ஷார்ஜாவுக்கு வந்த முதல் வருஷம், ரமலானுக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு சாயங்காலம், யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து ஃபிளாட்டின் அரபுப் பிள்ளைகள் மூன்று பேர். ஜரிகை உடுப்பு, கழுத்தில் துணிப்பை. பையை விரித்துக் காட்டினார்கள். ஏதோ வசூல் என்று நினைத்து ஐந்து திர்ஹம் நோட்டை நீட்டினேன். மூத்தவன் வாங்கவில்லை. ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் ஆபீஸில் விளக்கம் கிடைத்தது. 'ஹக் அல் லைலா'. நம்மூர் முஸ்லிம்கள் பராஅத் என்று தொழுது கழிக்கும் ஷஅபான் நடு இரவை ஒட்டி, அமீரகத்தில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிப் போய் மிட்டாயும் கடலையும் வாங்குவார்கள். ஹக் என்றால் உரிமை, லைலா, இரவு.

தமிழில் இரவு என்றால் ராத்திரி மட்டுமில்லை, கை நீட்டிக் கேட்பதும்தான். குறளில் 106-ஆம் அதிகாரம் 'இரவு': தரக்கூடியவரிடம் கேட்கலாம். அடுத்ததே 'இரவச்சம்': மனமுவந்து தருபவரிடம்கூடக் கேட்காதே.

எங்கள் வீட்டில் 107-தான். முட்டம் கடற்கரையில் கரைமடி இழுக்கக் கயிறு பிடித்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கை மீன் கிடைக்கும். அப்பா கடலுக்குப் போக முடியாமல் படுத்திருந்த மாதங்களில் நானும் கயிறு பிடித்தேன், மீனுக்கு நிற்கவில்லை. "யாருகிட்டயும் கை நீட்டப்பிடாது, கேட்டியா" என்பாள் அம்மா. ஒருநாள் மடிக்காரர் எல்லார் முன்னாலும் கூப்பிட்டார்: "லேய், இது தர்மம் இல்லலே, உனக்க பங்கு." ஓடிவிட்டேன். மற்ற பையன்களுக்கு அது பங்குதான். அடுப்பு எரியாத வீட்டுப் பையனுக்கு அதே மீன் பிச்சையாகத் தெரிந்தது.

ஷார்ஜா பையனின் அப்பாவிடம் என்னைவிடப் பெரிய கார் உண்டு. வசதியுள்ள பிள்ளையும் அதே பையோடு வருவதால் அங்கே கேட்பது இல்லாமையின் அடையாளமாவதில்லை. உரிமையைத் தர்மமாக்கியது என் நோட்டு.

மிட்டாய்க்கு இது சரி, சோற்றுக்கு? சோறு இருப்பவன் சோறு கேட்டு வரப்போவதில்லை. செல்வத்தில் உரிமை உள்ளவர்களாகக் குர்ஆன் இருவரைச் சொல்கிறது: கேட்பவர், கிடைக்கப்பெறாதவர். இரண்டாமவரை, கேட்கக் கூசி ஒதுங்குபவர் என்று விளக்குவோரும் உண்டு. அப்படியானால், கேட்காததால் உரிமை போய்விடாது. கொண்டுபோய்ச் சேர்ப்பது தருபவன் பாடு. எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல். பங்கு என்று உரக்கச் சொன்னால் மட்டும் பங்காகிவிடாது.

நான் ஓடிய அன்று ராத்திரி எங்கள் வாசலில் ஒரு ஓலைப்பெட்டி நிறையச் சாளை இருந்தது. யார் வைத்தது என்று அம்மா விசாரிக்கவில்லை. கறி வைத்தாள். பிற்பாடும் அப்படிச் சில ராத்திரிகள் வந்தன. மடிக்காரர் என்னை மறுபடி கூப்பிடவே இல்லை.

இப்போது ஷஅபான் வந்தால் கடலைமிட்டாய் வாங்கி வைக்கிறேன். தட்டுகிற பிள்ளைகளுக்குக் கொடுப்பது சுலபம். தட்டாதவர்களின் வாசல் எது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் பாடு. மடிக்காரருக்குத் தெரிந்திருந்தது.