கட்சி மாறிய கால்கள்

2002-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி இரவு, ஸ்பெயின் தேசத்தின் பார்சலோனா நகரில் ஒரு கால்பந்துப் போட்டி நடந்தது. ஆடியவை உள்ளூர்ப் பார்சலோனாக் கழகமும், தலைநகரத்து ரியல் மாட்ரிட் கழகமும். மைதானத்தின் மூலையிலிருந்து பந்தை உதைப்பதற்காக மாட்ரிட் ஆட்டக்காரர் ஒருவர் நடந்து போனார். அவர் மூலைக் கொடியை நெருங்கியதும் மாடங்களிலிருந்து நாணயங்களும் புட்டிகளும் பறந்து வந்தன. அவற்றோடு வெட்டிய பன்றித் தலை ஒன்றும் வந்து புல்தரையில் விழுந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு அணிகளையும் உள்ளே அனுப்ப வேண்டியதாயிற்று.

யார் அந்த ஆட்டக்காரர்? லூயிஸ் ஃபிகோ, போர்ச்சுக்கல் நாட்டவர். 1995 முதல் 2000 வரை, ஐந்து ஆண்டுகள், இதே மைதானத்தில் இதே மக்களுக்குக் கண்ணுக்குக் கண்ணாக இருந்தவர். 1997-இல் அரசர் கோப்பையின் இறுதி ஆட்டம், மாட்ரிட் கழகத்தின் சொந்த மைதானத்தில் நடந்தது. அன்று பார்சலோனா அடித்து வென்ற மூன்று கோல்களில் இரண்டு இவருடையவை. அந்தக் கால்களுக்காக ஒரு நகரமே தொண்டை வறளக் கூவியது. பிறகு அதே தொண்டைகள் அவரைத் துரோகி என்றன.

நடந்தது இதுதான். 2000-ஆம் ஆண்டு ஜூலையில் மாட்ரிட் கழகத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. அந்தக் கழகத்துக்கு அங்கத்தினர்களே சொந்தக்காரர்கள். அவர்கள் வாக்களித்துத்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கட்டடத் தொழிலில் பெரும் பொருள் ஈட்டிய ஃபுளோரென்டினோ பெரேஸ் போட்டியிட்டார். தம்மைத் தலைவராக்கினால் பார்சலோனாவின் ஃபிகோவையே கொண்டு வருவதாக வாக்களித்தார். வென்றார். ஃபிகோவின் ஒப்பந்தத்தில், இன்ன தொகை கட்டினால் அவரை விட்டுவிட வேண்டும் என்று ஒரு ஷரத்து இருந்தது. பெரேஸ் கட்டிய தொகை, ஏறத்தாழ 6 கோடி யூரோ. அதுவரை உலகில் எந்த ஆட்டக்காரருக்கும் அவ்வளவு விலை கொடுத்ததில்லை. ஜூலை 24-ஆம் தேதி ஃபிகோ மாட்ரிட்டின் வெள்ளைச் சட்டையைப் பெற்றுக்கொண்டார்.

ஒரு மனிதர், தம் தொழிலைச் செய்ய, வேறோர் ஊருக்குப் போனார். அதற்காகப் பன்றித் தலையா? 'பைத்தியக்காரத்தனம்' என்று சொல்லிவிட்டு நாம் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் இந்தப் பைத்தியத்தின் வேர் நம் வீட்டுக் கொல்லையிலும் ஓடுகிறதே!

முதலில் ரசிகன் பக்கத்து வழக்கைக் கேட்போம். பார்சலோனா மக்களுக்குக் கழகம் என்பது வெறும் பந்தாட்டச் சங்கம் அன்று. ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் தொடங்கிய 1936-இல், அக்கழகத்தின் தலைவராயிருந்த ஜோசப் சுன்யோலை ஃபிராங்கோவின் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சர்வாதிகாரி 1975-இல் சாகும்வரை, அந்த மக்களின் தாய்மொழியான கத்தலான் அரசு அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் தலை நிமிர முடியவில்லை. வாய்விட்டுத் தாய்மொழியில் கத்த ஓர் இடம் வேண்டாமா? கழகத்தின் மைதானம் அந்த இடமாயிற்று. அங்கே மாட்ரிட்டுக்கு எதிராக விழும் ஒரு கோல், வேறெங்கும் சொல்ல முடியாத ஒரு பதில். போதாததற்கு ஒரு பழைய காயமும் உண்டு. 1953-இல் ஆல்ஃபிரடோ டி ஸ்டெஃபானோ என்னும் மேதைக்காக இரு கழகங்களும் வழக்காடின. கடைசியில் அவர் மாட்ரிட்டுக்கே போய்ச் சேர்ந்தார். ஃபிகோவிடம் வெள்ளைச் சட்டையைக் கொடுத்த கை யாருடையது தெரியுமா? முதியவராகிவிட்ட அதே டி ஸ்டெஃபானோவின் கை! காயம்பட்ட இடத்திலேயே மறுபடி அடி.

இவ்வளவும் நியாயமான துயரம். நான் அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் துயரம் ஒன்று, தீர்ப்பு இன்னொன்று. வலி உண்மையானது என்பதாலேயே எதிரே நிற்பவன் குற்றவாளி ஆகிவிடுவானா?

நம் வீட்டுப் பையன் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அதற்குப் போட்டிக் கம்பெனிக்காரன் கூடுதல் சம்பளம் தருவதாகக் கூப்பிடுகிறான். பையன் ராஜிநாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வருகிறான். நாம் என்ன செய்கிறோம்? பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம். பக்கத்து வீட்டு மாமியிடம் புதுச் சம்பளத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்கிறோம். பழைய முதலாளி வாசலில் வந்து நின்று 'துரோகி' என்று கூவினால், 'பிழைக்கத் தெரிந்த பிள்ளை மேல் உமக்கு ஏன் ஐயா வயிற்றெரிச்சல்?' என்று கேட்கமாட்டோமா? பந்தாட்டக்காரன் செய்ததும் அதே காரியந்தான். அவனும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன். அதுவும் முப்பத்தைந்து வயதுக்குள் தொழில் முடிந்துவிடுகிறவன்.

பிறகு ஏன் அவனுக்கு மட்டும் அந்த உரிமையை மறுக்கிறோம்? நாம் அவனை வேலைக்காரனாக நினைக்கவில்லை. நம் ஊர் உற்சவ மூர்த்தியாக நினைக்கிறோம். தேரில் ஏற்றி, வடம் பிடித்து, வீதி வலம் வந்துவிட்டோம். ஒரு நாள் அந்த மூர்த்தி தானாகவே தேரை விட்டு இறங்கி, அடுத்த ஊர்த் தேரில் ஏறி உட்கார்ந்துகொண்டால், வடம் பிடித்த கைகளுக்கு எப்படியிருக்கும்? விலை கேட்டுப் போகக்கூடிய ஒன்றையா இத்தனை நாள் கும்பிட்டோம் என்ற கூச்சம் அது. கூச்சத்தைத் தாங்குவது கடினம். கோபத்தைத் தாங்குவது எளிது. ஆகையால் கூச்சம் கோபத்தின் வேஷத்தைக் கட்டிக்கொண்டு வெளியே வருகிறது.

அந்தக் கோபத்தின் தராசு நேரானதுதானா என்று பார்க்க, அதே பார்சலோனாவிலேயே ஒரு சாட்சி இருக்கிறார். லூயிஸ் என்ரிக்கே என்பவர் ஐந்து ஆண்டுகள் மாட்ரிட்டுக்கு ஆடியவர். 1996-இல் நேரே பார்சலோனாவுக்கு வந்தார். ஃபிகோ எந்த வழியாகப் போனாரோ, அதே வழியாக எதிர்த்திசையில் வந்தவர். அவரைப் பார்சலோனா என்ன செய்தது? மார்போடு அணைத்துக்கொண்டது, பிற்காலத்தில் அணித் தலைவராகவும், அதற்கும் பிற்காலத்தில் பயிற்சியாளராகவும் ஆக்கியது. நம்மிடம் வருகிறவன் ஞானோதயம் பெற்றவன், நம்மை விட்டுப் போகிறவன் காசுக்கு விலை போனவன்! இந்தக் கணக்கு அரசியல் மேடைகளில் நாம் அன்றாடம் கேட்டுப் பழகியதுதானே?

இன்னொரு பக்கமும் தராசு சாய்ந்திருக்கிறது. வயது முதிர்ந்து கால் தளர்ந்த ஆட்டக்காரனைக் கழகம் விற்றுவிடும்போது, அதைத் துரோகம் என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? கழகத்தின் நன்மைக்காக என்று சமாதானம் கொள்கிறார்கள். விசுவாசம் என்ற கடன் ஒருவனுக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. அவனுக்கு எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை.

'அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் இப்படியா? சாகும்வரை ஒரே கழகத்தில் இருந்தார்களே!' என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதுண்டு. இருந்தார்கள், ஆனால் ஏன் இருந்தார்கள் என்பதையும் விசாரிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1961 வரையில், எவ்வளவு பெரிய ஆட்டக்காரனுக்கும் வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாதென்று விதி இருந்தது. எங்கே போனாலும் அதே கூலி என்றால் எவன் போவான்? ஒப்பந்தம் முடிந்த பிறகுகூட, பழைய கழகம் கேட்கிற தொகை கிடைத்தாலொழிய ஆட்டக்காரன் வெளியேற முடியாது என்ற வழக்கம் ஐரோப்பா முழுவதும் இருந்தது. பெல்ஜியம் நாட்டு ஜான் மார்க் போஸ்மன் 1990-இல் தம் ஒப்பந்தம் முடிந்து, பிரான்ஸில் உள்ள ஒரு கழகத்துக்குப் போக விரும்பினார். கழகம் விடவில்லை, சம்பளத்தையும் வெட்டியது. அவர் நீதிமன்றம் ஏறினார். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகே, ஒப்பந்தம் முடிந்தவன் சுதந்திரமானவன் ஆனான். பூட்டிய வீட்டுக்குள் இருப்பவன் வெளியே போகவில்லை என்பதற்காக அவனை வீட்டுப் பற்றுள்ளவன் என்று புகழ முடியுமா? கதவு திறந்திருக்கும்போது தங்குகிறவனுடைய தங்கலுக்குத்தான் மதிப்பு.

கதவு அகலத் திறந்து கிடந்த ஓர் ஊர் நம் நாட்டிலேயே உண்டு. கல்கத்தாவில் 1889-இல் பிறந்தது மோகன் பகான். 1920-இல் பிறந்தது ஈஸ்ட் பெங்கால். பிரிவினையில் வீடு வாசல் இழந்து கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் பின்னதைத் தங்கள் சொந்த மண்ணாகப் பாவித்தார்கள். ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் இல்சா மீனுக்குக் கிராக்கி; மோகன் பகான் வென்றால் இறாலுக்கு. அங்கே ஆட்டக்காரர்கள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும், மறுபடி இந்தக் கரைக்கும் போய்வந்துகொண்டே இருந்தார்கள்.

1975-இல் கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று மோகன் பகானை முறியடித்தது. தோல்வி தாங்காமல் மோகன் பகான் ரசிகர் ஒருவர் உயிரையே மாய்த்துக்கொண்டார். அன்று வென்ற அணியின் பயிற்சியாளர் பி. கே. பானர்ஜி. மறு ஆண்டே அவர் எங்கே போனார் தெரியுமா? மோகன் பகானுக்கு! தங்களை அந்த அளவுக்கு அழவைத்தவரை அந்த மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். 1977-இல் பீலே ஆடிய காஸ்மாஸ் அணியோடு மோகன் பகான் 2-2 என்று சமன் செய்தபோது அவர்தான் பயிற்சியாளர். அதே ஊரில், அதே திறந்த கதவைப் பார்த்துக்கொண்டே, கடைசிவரை மோகன் பகானைத் தவிர வேறு கழகத்துக்கு ஆடாத சூனி கோஸ்வாமியும் இருந்தார். சூனியின் பெருமை அவர் தாமாகத் தேர்ந்த பெருமை. அதைக் கொண்டு மற்றவர்களை அடிக்க நமக்கு அதிகாரம் கிடையாது.

அப்படியானால் ஃபிகோவிடம் குற்றமே இல்லையா? உண்டு. அவர் போனது குற்றமில்லை. போன விதத்தில் குறை உண்டு. பார்சலோனாவிலேயே இருக்கப் போவதாக அவர் பத்திரிகையில் சொல்லிச் சில நாட்களே ஆகியிருந்தன. அதை நம்பி நிம்மதியாக உறங்கியவர்கள் பலர். அன்பைக் கை நீட்டி வாங்கிக்கொண்டவன், கூடவே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் போகும்போது உண்மையைச் சொல்லிவிட்டுப் போகும் கடமை அவனுக்கு உண்டு. ஊரை விட்டுப் போகிற மகன்மேல் தாய்க்கு வருத்தம் இருக்கும். சொல்லிக்கொள்ளாமல் போகிற மகன்மேல்தான் அவள் மனம் கசந்துபோகும்.

பிரிந்து போகிறவன் கடமை அது. இருக்கிறவன் கடமை என்ன? இந்தக் கேள்வியோடு கம்பனிடம் போகலாம். வீடணன் இலங்கையை விட்டு இராமன் பக்கம் போய்விட்டான். அது அறமா, துரோகமா என்று நம் பட்டிமன்றங்கள் இன்னும் வாதாடுகின்றன. எனக்கு வீடணனைவிட, பின்தங்கிய இருவர்மேல்தான் கண் போகிறது. இந்திரசித்தன் சிற்றப்பனைக் கண்டதும் சொல்லால் சுடுகிறான். கும்பகருணனோ, தன்னையும் அழைத்துப் போக வந்த தம்பியைத் தழுவிக்கொள்கிறான். தன்னை வளர்த்துப் போருக்கு அனுப்பிய அண்ணனை விட்டுத் தான் வர முடியாது என்கிறான். ஆனால் தம்பியைத் 'திரும்பி வா' என்று அவன் இழுக்கவில்லை, சபிக்கவும் இல்லை. இராமனிடமே போய் வாழச் சொல்லி அனுப்பிவிட்டு, தான் சாவதற்குப் போர்க்களம் போகிறான். தன் விசுவாசத்தைத் தானே சுமந்தான். அதைத் தம்பியின் தலையில் ஏற்றவில்லை. இருவரும் இலங்கைக்காகத்தான் இறந்தார்கள். ஆயினும் நம் கண்கள் கலங்குவது யாருக்காக?

விசுவாசம் என்பது நாம் கொடுக்கிற பொருள். பிறரிடம் வசூலிக்கிற வரியாக அதை மாற்றும்போது அது கெட்டுப்போகிறது. கால்பந்து உலகத்திலேயே ஒப்பந்தமில்லாமல், சம்பளமில்லாமல், கைக்காசைச் செலவழித்து மழையில் நனைந்துகொண்டு நிற்பவன் ரசிகன் ஒருவனே. ஆட்டக்காரர் போவார், பயிற்சியாளர் போவார், தலைவரும் போவார். அவன் மட்டும் போகமாட்டான். அவனுடைய பெருமை அது. யாரோ ஒருவர் சட்டை மாற்றிக்கொண்டதால் அந்தப் பெருமையில் ஓர் அணுவும் குறையவில்லை. ஒரு பன்றித் தலையை எறியும்போதுதான் குறைகிறது.

2005 நவம்பரில் பார்சலோனா மாட்ரிட்டுக்குப் போய் 3-0 என்று வென்றது. பார்சலோனாவின் ரொனால்டினோ இரண்டு கோல்கள் அடித்தார். அவருடைய ஆட்டத்தைக் கண்டு, தோற்றுக்கொண்டிருந்த மாட்ரிட்டின் ரசிகர்கள் சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். என்றுமே தம்முடையவராக இருந்திராத ஒருவருக்குக் கைதட்டுவது அவ்வளவு கடினமில்லை என்று சொல்லலாம். உண்மைதான். ஒரு காலத்தில் நம்முடையவராக இருந்தவருக்குத் தட்டுவதுதான் கடினம். அந்தக் கைதட்டலுக்கு ரசிகனைத் தவிர வேறு எவருக்கும் தகுதியில்லை. ஏனென்றால் அங்கே இழந்தவன் அவன்தான்.