மடித்த பக்கம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஆங்கில வகுப்பில் ஒரு பழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. மாணவர்கள் ஒரு நாவலை வாசிக்க வாசிக்கவே குறிப்பேடும் எழுத வேண்டும். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம், புத்தகத்தில் தன்னை நிறுத்திய வரி. வலப்பக்கம், ஏன் அங்கே நின்றேன் என்பது. இந்த இரட்டைப் பக்க முறைக்கு வடிவம் கொடுத்தவர் ஆன் பெர்தாஃப். அவருக்கும் முன்பே, 1938-ல், லூயிஸ் ரோசன்பிளாட் 'லிட்ரேச்சர் ஆஸ் எக்ஸ்ப்ளோரேஷன்' நூலில் இதற்கு அடித்தளம் போட்டுவிட்டார்: படைப்பின் பொருள் வாசகரும் பிரதியும் சந்திக்கும் இடத்தில் நிகழ்கிறது. கோனார் உரையில்தான் பொருள் இருக்கிறது என்று நம்பி வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியான சுதந்திரமாகத்தான் பட்டது.

சிக்கல் வலப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே "மனதில் பட்டதை எழுது" என்கிறார்கள். அதைப் படிப்பவர் ஆசிரியர். மதிப்பெண் போடுபவரும் அவரே. அப்படியென்றால் அது நாட்குறிப்பா, விடைத்தாளா? பதினைந்து வயதுப் பிள்ளையிடம் உண்மையைக் கேட்டுவிட்டு, அந்த உண்மைக்குப் பத்துக்கு ஏழு என்று போடலாமா?

இதற்குச் சட்டென்று வரும் பதில், 'இன்னொருவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்து எழுதுவது எல்லாமே நடிப்பு' என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வகுப்புகளில் அதிகம் வாசிக்கப்படும் நாட்குறிப்பையே எடுத்துக்கொள்வோம். 1944 மார்ச் 28 அன்று, லண்டனிலிருந்து ஒலிபரப்பான வானொலியில், டச்சு அமைச்சர் ஒருவர் போர்க்காலக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் மக்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்றார். ஒளிந்திருந்த வீட்டில் அதைக் கேட்ட ஆன் ஃபிராங்க், சில வாரங்களில் தன் நாட்குறிப்பை முதலிலிருந்து திருத்தி எழுத ஆரம்பித்தார். வெட்டினார், சேர்த்தார், ஆட்களுக்குப் புனைபெயர் வைத்தார். ஆகஸ்ட் 4-ல் கைதாகும் வரை அந்த வேலை நடந்தது. வாசகர் உண்டு என்று தெரிந்து திருத்தியதால் அது பொய்யாகிவிடவில்லை. எதைக் காட்டுவது, எதை வைத்துக்கொள்வது என்று அவரே முடிவு செய்தார், அவ்வளவுதான்.

அந்த முடிவு யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. நல்ல ஆங்கில ஆசிரியர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். அவர்கள் வகுப்பில் ஒரு எளிய விதி உண்டு: நான் படிக்கக் கூடாத பக்கத்தை மடித்துவிடு. சிலர் ஸ்டேப்ளர் அடித்துக்கொள்ளவும் சொல்வார்கள். மடித்த பக்கத்தில் எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார், வாசிக்க மாட்டார். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் 1994-ல் எரின் குருவெல் நடத்த ஆரம்பித்த வகுப்பைப் பற்றி 'ஃப்ரீடம் ரைட்டர்ஸ்' என்று 2007-ல் படம் வந்தது. அதில் நோட்டுகளை வைக்கப் பூட்டுள்ள அலமாரி ஒன்று வரும். ஆசிரியை படிக்கலாம் என்றால் அதில் வை, இல்லையென்றால் நீயே வைத்துக்கொள். அந்த மாணவர்களின் எழுத்து 1999-ல் புத்தகமானபோதும் யாருடைய பெயரும் போடப்படவில்லை, எண்கள் மட்டும்தான். அங்கேயும் ஒருவகை மடிப்பு.

மடிப்பை வெறும் கூச்சத்துக்கான ஏற்பாடாக நான் பார்க்கவில்லை. யோசிப்பதற்கே அது தேவைப்படுகிறது. ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்த்தால்தான் அது எனக்கு உண்மையா இல்லையா என்றே தெரியும். எழுதிப் பார்த்த எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பேற்க வேண்டும் என்றால், பாதுகாப்பான வாக்கியங்களை மட்டுமே எழுதிப் பார்ப்பேன்.

ஆன் ஃபிராங்கும் மடித்திருக்கிறார். 1942 செப்டம்பரில் எழுதிய இரண்டு பக்கங்களைப் பழுப்புக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டார். அப்போது வயது பதின்மூன்று. 2018-ல், பக்கத்தின் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சி எடுத்த படங்களை மென்பொருளில் போட்டு ஆய்வாளர்கள் அதைப் படித்துவிட்டார்கள். சில அசட்டு ஜோக்குகள், பாலியல் பற்றித் தெரிந்ததும் தெரியாததுமாகச் சில பத்திகள். அந்த வயதில் எல்லோர் தலையிலும் இருப்பதுதான். ஆய்வு மதிப்பு உண்டு என்பது அவர்கள் வாதம். இருக்கலாம். ஆனால் பசை தடவிய அந்தக் கைக்கு ஒரு விருப்பம் இருந்தது.

ஒளியும் மென்பொருளும் இன்று வகுப்பறைக்கே வந்துவிட்டன. குறிப்பேடு இப்போது பெரும்பாலும் கூகுள் டாக்ஸில். அதில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' என்று ஒன்று உண்டு. திருத்தும் அனுமதி உள்ள ஆசிரியர், மாணவர் அழித்ததையும் பார்க்கலாம். தட்டச்சு செய்தது முழுவதையும் சினிமா மாதிரி ஓட்டிக் காட்ட 'டிராஃப்ட்பேக்' என்ற நீட்சியும் இருக்கிறது. சாட்ஜிபிடி வந்த பிறகு, பிள்ளை தானே எழுதியதா என்று கண்டுபிடிக்க இவை பயன்படுகின்றன. இதே தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், எதையும் தொலைக்காமல் வைத்திருப்பது எங்களுக்குப் பெருமை. அழித்தது அழிந்தே போக வேண்டும் என்று ஒருவர் விரும்பலாம் என்பது எங்கள் விவாதங்களில் கடைசியில்தான் வரும்.

டெக்ஸாஸில் இருக்கும் என் அக்கா மகள் பத்தாம் வகுப்பு. எலீ வீசலின் 'நைட்' பாடம். அதில் முகாமில் சாகக் கிடக்கும் அப்பா மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், மகன் பதில் சொல்வதில்லை. அந்த இடத்துக்கு வலப்பக்கத்தில் இவள் சில வரிகள் எழுதியிருக்கிறாள். பிறகு அழித்துவிட்டு, 'குற்றவுணர்வு இந்நூலின் முக்கியக் கரு' என்று எழுதினாள். இரண்டு நாள் கழித்து ஆசிரியை தனியாகக் கூப்பிட்டு, மிகவும் அன்பாக, "நீ அழித்தது நன்றாக இருந்ததே, அதையே வைத்திருக்கலாமே" என்றாராம்.

"அவங்க நல்லவங்க மாமா. அதான் கோபம்கூட வரல" என்றாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவள் முதலில் வேறொரு இடத்தில் எழுதி, முடிந்ததை மட்டும் டாக்ஸில் ஒட்டுகிறாள். ஆனால் ஒரே தடவையில் முந்நூறு சொற்கள் வந்து விழுந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியில் அது எப்படித் தெரியும்? எந்திரம் எழுதிக் கொடுத்த மாதிரியே தெரியும். மறைக்க ஓர் இடம் தேடியவளும் திருடியவளும் அந்தத் திரையில் ஒன்றுதான்.

ஆசிரியர் தரப்பு எளிதானதில்லை என்பதும் தெரியும். அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், ஒரு குழந்தை வன்முறைக்கு உள்ளாகிறது என்ற சந்தேகம் வந்தால் ஆசிரியர் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். மடித்த பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால்? படித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்பது கனமான கேள்வி. என்னால் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது: கண்காணிக்கப்படுகிறோம் என்று தெரிந்த பிள்ளை அதை எங்கேயும் எழுதாது. மடிக்கலாம் என்று தெரிந்த பிள்ளை எழுதிவைக்கும், என்றாவது ஒருநாள் அதை விரித்தும் வைக்கலாம். அந்த ஒருநாள் தாமதமாகவே வரலாம், வராமலும் போகலாம். அந்தப் பயத்தோடுதான் ஆசிரியர் மடிப்பை மதிக்க வேண்டியிருக்கிறது. முதல் நாளே விதியைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்: மடித்ததைப் படிக்க மாட்டேன், மடிக்காததில் உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் சும்மா இருக்க மாட்டேன்.

அக்கா மகள் ஆசிரியையிடம் குறிப்பேட்டை மட்டும் காகிதத்தில் எழுதட்டுமா என்று கேட்டிருக்கிறாள். சரி என்றாராம். கட்டுரைகள் வழக்கம்போல டாக்ஸில். "கைதான் வலிக்குது மாமா, எனக்கே என் கையெழுத்து புரியல" என்கிறாள்.